மணி அடித்த பக்கம்

லா ஹாகுவா
21 பிப்ரவரி 1988, ஞாயிறு

நெல்ஃபா,

கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரு கையெழுத்தைத் தவிர நான் உனக்கு எதுவும் எழுதிப் பல வருடம் ஆகிறது. இன்று பெருமை தாங்காமல் எழுதுகிறேன். அப்பாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

கம்பெனியில் நீ இருந்தபோது எப்படியோ அப்படியேதான் இப்போதும். நாங்கள் சுருட்டுச் சுற்ற, எலாடியோ மேடையில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்கிறார். காலையில் செய்தித்தாள், மத்தியானம் புத்தகம். எந்தப் புத்தகம் என்று நாங்கள்தான் கை தூக்கி முடிவு செய்கிறோம். பிடித்துப்போனால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டுவோம், பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம். இந்தத் தடவை ஒரு காதல் நாவலுக்கும், நம் நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட தலைவருடைய ஆட்சியைப் பற்றிய உண்மைச் சரித்திரம் ஒன்றுக்கும் போட்டி. சரித்திரப் புத்தகத்தை யாரோ எலாடியோவுக்கு நியூயார்க்கிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதில் லா ஹாகுவா வருகிறது என்று அவர் சொன்னதுமே காதல் தோற்றுப்போனது. நம் ஆட்களைத்தான் தெரியுமே, ஊர்ப் பெயர் இருந்தால் சாவுச் செய்தியைக்கூட இரண்டு தடவை படிக்கச் சொல்வார்கள்.

சிறை, நகம் பிடுங்கியது, சுறாவுக்குப் போட்டது என்று தினமும் கேட்டோம். வெள்ளிக்கிழமை நம் ஊர் வந்தது. 1960 ஜனவரி. கசில்டா அம்மாவின் மகன் கிரிகோ தலைவருக்கு எதிரான துண்டறிக்கை கொடுத்துவிட்டு ஓடி வருகிறான். ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகு எலாடியோ குரலைத் தாழ்த்தி வாசித்தார்: "கடைசியில் எவரிஸ்தோ என்ற புகையிலை விவசாயி கதவைத் திறந்து, அவனைத் தன் இலை உலர்த்தும் கொட்டகைக்குள் அழைத்துப் போனார்." நம் அப்பா, நெல்ஃபா! அச்சடித்த புத்தகத்தில்! அந்த இடத்தில் சரியாக வேலை முடிகிற மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கூடம் முழுக்கக் கத்திகள் மேசையைத் தட்டின. பின்னால் இருந்து ஃபெலோ கத்தினான்: "ஏய் தீனோரா, வீட்டுக்குள்ள ஒரு வீரனை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷமா மூச்சு விடலியே நீ!"

நோன்புக் காலம் என்றுகூடப் பார்க்காமல் சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் ஒரு ஆட்டை அடித்து நம் வாசலிலேயே சமைத்தார்கள். அப்பா கஞ்சி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "செஞ்சதைச் சொல்லிக் காட்டினா அது செஞ்சதாகுமா?" என்றார். கசில்டா அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவர் கையை எடுத்து முத்தமிட்டாள். "எம் புள்ளைக்குக் கடைசியா சோறு போட்ட கை இது" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

கிரிகோ நம் கொட்டகையில் இருந்தான் என்று நீ அன்றைக்குச் சொன்னது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். மீதி உன் மனசில் இருந்த விஷம். அவருக்கு இரண்டு வரி எழுது.

தீனோரா


நியூயார்க்
28 பிப்ரவரி 1988

அக்கா,

உன் கடிதத்தைத் தையல் கடையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கசில்டா அம்மா அந்தக் கையை முத்தமிட்ட இடம் வந்ததும் தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிட்டேன்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. திங்கட்கிழமை எலாடியோ எங்கிருந்து வாசித்தார்? மணி அடித்த இடத்திலிருந்தா?

அந்தப் புத்தகத்தை அனுப்பியவள் நான். இங்கே அவென்யூவில் நம் ஆள் ஒருவரின் கடையில் வாங்கினேன். இரண்டு வாங்கி ஒன்றை எலாடியோவுக்குக் கொடுத்தனுப்பினேன். உனக்கு அனுப்பியிருந்தால் நீ அடுப்பில் போட்டிருப்பாய். ஊரோடு சேர்ந்து கேட்டால்தான் உன் காதில் ஏறும் என்று நினைத்தேன். கடைசியில் அந்த மனிதருக்கு ஆட்டு விருந்து வைத்துக் கொடுத்தவள் நான்தான் என்று ஆகிவிட்டது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ அப்போது சாந்தியாகோ நகரத்தில் ஞானத்தாய் வீட்டில் இருந்தாய். எனக்குப் பத்து வயது. கிரிகோவுக்குச் சோறும் அவரைப் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். புகையிலைத் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, துணியை வாயில் வைத்து இருமுவான். ஒருநாள் மத்தியானம் தட்டை எடுத்தபோது அப்பா, "இன்னைக்குச் சோறு வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அவன் கிளம்பிட்டான்" என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொட்டகையிலிருந்து இருமல் கேட்டது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சாயங்காலம் தலைவரின் ஆட்கள் கறுப்பு வண்டியில் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு ரேடியோ வந்தது.

பத்தொன்பது வயதில் இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் அறைந்ததைவிட, "சின்ன வயசுல கண்ட கனவு" என்று நீ சொன்னாயே, அதுதான் என்னை விமானம் ஏற்றியது.

நெல்ஃபா


லா ஹாகுவா
6 மார்ச் 1988

நெல்ஃபா,

நீயா அனுப்பினாய்? பெற்றவரை ஊர் நடுவே நிறுத்திக் காறித் துப்ப வைக்கலாம் என்று கடல் கடந்து திட்டம் போட்டாயா? துப்பவில்லையே, தட்டினார்கள். அந்தக் கடுப்பில் எழுதுகிறாய். நீ பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான்.

திங்கட்கிழமை எலாடியோ அடுத்த அத்தியாயத்திலிருந்து வாசித்தார். துறைமுகத்து வேலைநிறுத்தம். அதனால் என்ன? முந்தைய அத்தியாயம் மணியோடு முடிந்திருக்கும். ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா எவ்வளவு மாறிவிட்டார் தெரியுமா? நாற்காலியை விட்டு எழாத மனிதர், அந்தச் சனிக்கிழமை ஆட்டின் தொடையைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றித் தனியாக எலாடியோ வீடு வரை நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். வாசித்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமாம். கசில்டா அம்மா நோன்பு வெள்ளிதோறும் அவருக்கு இனிப்பு அவரைப் பாயசம் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறாள். திராட்சையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டது. அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறார்.

ரேடியோவை இதில் இழுக்காதே. அது புகையிலைச் சங்கத்துக் குலுக்கலில் விழுந்தது. சனிக்கிழமை தவறாமல் நான் துடைத்து வைக்கிற பொருள் அது.

நகல் ஒன்று வைத்திருக்கிறாய் என்றால் அடுத்த பக்கத்தில் என்னதான் இருக்கிறது? நம்புவதற்காகக் கேட்கவில்லை. உன் வாயை அடைப்பதற்காகக் கேட்கிறேன்.

தீனோரா


நியூயார்க்
11 மார்ச் 1988

அக்கா,

ஆட்டுத் தொடையைப் பற்றி நீ எழுதியதை நீயே ஒருமுறை திரும்பப் படி.

என் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தைப் பிளேடால் கீறி இதோடு வைத்திருக்கிறேன். கொண்டுவருபவர் நம்பிக்கையான ஆள், பிரிக்க மாட்டார். படிக்காவிட்டால் அடுப்பில் போடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை கசில்டா அம்மாவின் கிண்ணத்தை வாசலில் வாங்குகிறவள் நீதானே. படிக்காமல் அதை எப்படிக் கையில் வாங்குவாய்?

நெல்ஃபா


லா ஹாகுவா
18 மார்ச் 1988

நெல்ஃபா,

படித்தேன். கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். அந்தப் பக்கத்துக்கு வேறு இடம் பொருத்தமாகத் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஒருவன் கூசாமல் சொல்லியிருக்கிறான். "எவரிஸ்தோ தானாகத்தான் வந்தான். நாங்கள் கூப்பிடவில்லை, அடிக்கவில்லை. காபி கொடுத்தோம், குடித்தான். கொட்டகையின் பின்கதவைத் திறந்து வைப்பதாகச் சொன்னான். ரேடியோ ஒன்று கொடுத்தோம்." அவ்வளவுதான். பயந்துபோய்ச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாமா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். காபி குடித்தார் என்றுதான் இருக்கிறது.

நேராக எலாடியோவிடம் போனேன். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "மணி அடிச்சிருச்சும்மா, நான் என்ன பண்ண? திங்கக்கிழமை மிச்சத்தைப் படிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஊரே ஆடு தின்னு ஏப்பம் விட்டுருச்சு" என்றார்.

"அப்பா வந்து என்ன சொன்னார்?"

"ஒண்ணுமே சொல்லல. தொடையை மேசை மேல வெச்சாரு. 'உமக்குத் தொண்டை கட்டியிருக்குமே, நாலு பக்கம் தள்ளிப் போங்களேன்'னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

"நீங்க தின்னீங்களா?"

அவர் மேசையில் தொடை இருந்த இடத்தைத் துண்டால் துடைத்தார். இருபது வருடமாக அந்தக் குரலைக் கேட்டு வாழ்ந்தேன், நெல்ஃபா. உலகத்தில் நடந்த போர், புரட்சி, படுகொலை எல்லாம் அந்தக் குரல் வழியாகத்தான் எனக்குத் தெரியும். ஒரு ஆட்டுத் தொடைக்கு அது தடம் மாறிவிட்டது.

மறுநாள் கூடத்தில் எழுந்து நின்று, விட்டுப்போன பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். என்ன பக்கம் என்றும் சொன்னேன். வழக்கப்படி கை தூக்கச் சொன்னார்கள். என் கை மட்டும்தான் மேலே போனது. "செத்தவன் செத்துட்டான், கிழவரும் போகப்போறாரு. நாமளும் அங்க கை நனைச்சவங்கதானே தீனோரா" என்றான் ஃபெலோ. நகம் பிடுங்கியதைக் கேட்டபோது பல்லைக் கடித்துக் கண்ணீர் விட்டவர்கள் இவர்கள்தான். அயலூர்க் கொடுமை என்றால் எல்லோருக்கும் நெஞ்சு கொதிக்கும். சொந்தத் தெருவுக்கு வந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு ரேடியோ இருக்கிறது போலிருக்கிறது.

அதிலிருந்து எலாடியோ வாயைத் திறந்ததும் நான் என் கத்தியைத் தரையில் போடுகிறேன். தினமும். சிமெண்டில் விழுந்து முனை சிதைந்துவிட்டது, சுருட்டுக்கு மேலே சுற்றுகிற இலையை நேராக வெட்ட வரவில்லை. மேஸ்திரி முறைக்கிறார். முறைக்கட்டும்.

வீட்டில் அவருக்குப் பரிமாறுகிறேன். பல்லிடுக்கில் நாக்கைவிட்டு உறிஞ்சுகிற அந்தச் சத்தத்தை முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை. அவர் எச்சில் தட்டைக் கழுவுகையில் என் உடம்பெல்லாம் அருவருத்துப்போகிறது. கிண்ணத்தை இன்றும் வாசலில் வாங்கினேன். என்ன செய்வது என்று தெரியவில்லை.

தீனோரா


நியூயார்க்
22 மார்ச் 1988

அக்கா,

நீ நம்பிவிட்டாய். இனி எனக்கு எதுவும் வேண்டாம். அவர் மன்னிப்பும் வேண்டாம், ஊர் கேட்கவும் வேண்டாம். நீ ஒருத்தி நம்பவில்லை என்பதுதான் இத்தனை வருடம் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

கத்தியைப் போடுவதை விட்டுவிடு. வேலை போனால் யார் பார்ப்பார்கள்? கசில்டா அம்மாவிடம் சொல்லாதே. மகன் கடைசியாக ஒரு நல்லவர் வீட்டில் சாப்பிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டே சாகட்டும். இதை எழுதும்போதே எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. ஃபெலோ சொன்னதையேதான் நானும் சொல்கிறேன். எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.

இங்கே வந்துவிடு. கடையில் ஒரு மெஷின் காலியாக இருக்கிறது.

நெல்ஃபா


லா ஹாகுவா
27 மார்ச் 1988, குருத்தோலை ஞாயிறு

நெல்ஃபா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கசில்டா அம்மா கம்பெனிக்கே வந்துவிட்டாள். யார் சொல்லியும் வரவில்லை. கறுப்பு உடை, தலையில் துணி, அதே தடி. மேடைக்கு முன்னால் நின்று, "எம் புள்ள வர்ற பக்கத்தை இவங்களுக்கெல்லாம் படிச்சீங்களாமே. நான் கேக்கலியே. எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க ஐயா" என்றாள். ஃபெலோ தன் நாற்காலியை எடுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள்.

எலாடியோ வாசித்தார். ஓடி வந்தது, கதவுகள் மூடியது, கடைசிக் கதவு திறந்தது. மணி அடித்த இடத்துக்கு வந்து நிறுத்தினார். "அவ்ளோதானா?" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். கூடம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அவள் முகத்தில் என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம். ஒரு பொய்யைச் சுவைத்துச் சாப்பிடுகிற சந்தோஷம். அதைச் சமைத்தது என் வீடு. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

சிதைந்த கத்தியை எடுத்து மேசையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். எலாடியோவுக்கு அது போதும். குரல் உடைந்தாலும் முழுவதும் வாசித்தார். சார்ஜென்ட், காபி, பின்கதவு, ரேடியோ, ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் யாரும் தட்டவில்லை, யாரும் கத்தியைப் போடவும் இல்லை.

கசில்டா அம்மா அழவில்லை. தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். "காலையிலதான் கிண்ணம் குடுத்தனுப்பினேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஃபெலோ தலையைக் குனிந்துகொண்டே அவளை வீடு வரை கொண்டுபோய் விட்டான்.

நான் வேலையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினேன். அவர் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டு, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு தின்றுகொண்டிருந்தார். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நீ அனுப்பிய பக்கத்தை எடுத்து அவர் முன்னால் நின்று நானே வாசித்தேன். கரண்டியை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாளு ஒண்ணை விட்டுட்டான். பேட்டரியும் சேத்துத்தான் குடுத்தாங்க" என்றார்.

உடம்பு நடுங்குகிற ஆள், சாகப்போகிற ஆள், ஒருவேளை அழுவாரோ, காலில் விழுவாரோ என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் கணக்கில் குறை ஒன்றே ஒன்றுதான், அதையும் சரிசெய்துவிட்டார். சீ! இந்த மனிதரின் சட்டைக்கா நான் கஞ்சி போட்டேன்? பாதித் தின்ற கிண்ணத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, பின்பக்கம் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் அது சுத்தமானதாகத் தோன்றவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். கசில்டா அம்மா கதவைத் திறந்து வாங்கிக்கொண்டாள், என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கொட்டகையில் இருந்தபோது இருமினானா என்று கேட்டாள். என் தங்கைக்குத்தான் தெரியும், அவளை உங்களுக்கு எழுதச் சொல்கிறேன் என்றேன். எழுது நெல்ஃபா. அது உன்னால் மட்டும்தான் முடியும்.

நீ பத்து வயதில் பார்த்ததை நம்ப எனக்கு ஒரு கூடம் நிறைய ஆட்களும் ஒரு புத்தகமும் வேண்டியிருந்தது. அதை நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

இன்று தெருவில் எல்லோரும் குருத்தோலையோடு கோயிலுக்குப் போகிறார்கள். நம் வாசலைத் தாண்டும்போது வேகமாக நடக்கிறார்கள். ஆடு தின்றவர்களும்தான். மத்தியானம் ஆனதும் அவர் வழக்கம்போல ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, விரலால் மேசையைத் தட்டினார். பசித்தால் அப்படித்தான் தட்டுவார். நான் அடுப்படியிலிருந்து வந்து எதிரே நின்றேன். தட்டு கையில் இல்லை.

"இன்னைக்குச் சோறு வேண்டாம்" என்றேன்.

விரல் நின்றது. ரேடியோவை அணைத்தார். முதல் தடவையாக அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தீனோரா